ஒரே ரயில், ஒரே விதி

நீங்கள் ரயிலில் போயிருக்கிறீர்களா?

திருவனந்தபுரத்தில் மாலையில் அனந்தபுரி எக்ஸ்பிரஸில் ஏறுகிறோம். படுத்துத் தூங்குகிறோம். மறுநாள் காலையில் சென்னை வந்துவிடுகிறது. நாம் தூங்கும்போது நமக்காகப் பலர் விழித்திருக்கிறார்கள். அவர்கள் யார்?

ரயில்வேயில் பல கோட்டங்கள் உள்ளன. திருவனந்தபுரம் கோட்டம் 1979-இல் தொடங்கியது. நமது ரயில் திருவனந்தபுரம், மதுரை, திருச்சி, சென்னை ஆகிய நான்கு கோட்டங்களைக் கடக்கிறது. ஒவ்வொரு கோட்டத்திலும் ஒரு கட்டுப்பாட்டு அலுவலகம் உண்டு. அங்கே கண்ட்ரோலர் இரவும் பகலும் வேலையில் இருப்பார். எந்த வண்டி எங்கே வருகிறது என்று பார்ப்பார்.

நாகர்கோவில் திருவனந்தபுரம் கோட்டத்தில் உள்ளது. திருநெல்வேலி மதுரைக் கோட்டத்தில் உள்ளது. இடையில் வண்டி கைமாறுகிறது. வண்டி எத்தனை மணிக்கு வரும்? தாமதமா? இதை ஒரு கண்ட்ரோலர் அடுத்த கண்ட்ரோலருக்கு முன்பே சொல்லிவிடுவார்.

திருவனந்தபுரத்தில் மலையாளம். சென்னையில் தமிழ். ஆனால் விதி ஒன்றுதான். 1976-ஆம் ஆண்டின் பொது விதிகள் இந்திய ரயில்வே முழுவதற்கும் பொது. எந்த ஊரிலும் சிவப்பு என்றால் நில் என்றே பொருள்.

ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு வண்டியை அனுப்ப அனுமதி வேண்டும். இதற்கு 'லைன் கிளியர்' என்று பெயர். பல இடங்களில் இதற்குக் கருவிகள் உள்ளன. கருவி பழுதானால் தொலைபேசியில் கேட்பார்கள்.

"வண்டி அனுப்பலாமா?"

"பாதை காலியாக உள்ளது. அனுப்புங்கள். என் எண் 47."

இது இரகசிய எண். அச்சிட்ட பட்டியலிலிருந்து இதைச் சொல்வார்கள். சொன்ன எண்ணை உடனே அடித்துவிடுவார்கள். கேட்டவர் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்வார். பிறகு "நான் சொல்லவில்லை" என்று யாரும் சொல்ல முடியாது. எழுத்துதான் சாட்சி.

விதி தவறினால் என்ன ஆகும்?

1999 ஆகஸ்டு 2. நள்ளிரவு கடந்த நேரம். பீகாரில் கிஷன்கஞ்ச் நிலையத்தில் அவத் அசாம் எக்ஸ்பிரஸ் தவறான பாதையில் போய்விட்டது. வழியில் இருந்த நிலையங்களிலும் யாரும் அதை நிறுத்தவில்லை. அதே பாதையில் எதிரே பிரம்மபுத்திரா மெயில் வந்தது. மேற்கு வங்காளத்தில் கெய்சால் என்ற இடத்தில் இரண்டும் மோதின. 280 பேருக்கு மேல் இறந்தார்கள். தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை.

ஒருவர் தவறு செய்யலாம். அடுத்தவர் கவனித்துக் கேட்டால் உயிர்கள் பிழைக்கும். அதற்காகத்தான் கேட்பதும், பதில் சொல்வதும், எழுதி வைப்பதும்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. ரயில்வே கேட் மூடியிருந்தால் வண்டிக்கு வழி கொடுத்தாகிவிட்டது என்று பொருள். குனிந்து நுழையாதீர்கள். பிள்ளைகளையும் விடாதீர்கள். ஐந்து நிமிடம் நில்லுங்கள். உயிர் பெரிது.

வீட்டிலும் இப்படிச் செய்யலாம். யாராவது முக்கியமான செய்தி சொன்னால் திரும்பச் சொல்லிப் பாருங்கள். நாளையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். இப்போதுதான் நமக்கு எழுதத் தெரியுமே!

பயிற்சி

1. அனந்தபுரி எக்ஸ்பிரஸ் எந்த நான்கு கோட்டங்களைக் கடக்கிறது?
2. 'லைன் கிளியர்' என்றால் என்ன?
3. இரகசிய எண்ணை ஏன் எழுதி வைக்கிறார்கள்?
4. உங்கள் ஊரில் ரயில்வே கேட் உள்ளதா? அங்கே மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள்? ஐந்து வரி எழுதுங்கள்.