டிராக் கார் கட்டப் பழைய வண்டி தேடுகிறீர்களா?

இருங்காட்டுக்கோட்டையிலோ, கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டால் போதும், செகண்ட் ஹேண்ட் கார் விளம்பரங்கள் பக்கம் கண் தானாகப் போகும். நல்ல ஆசை. ஊர் ரோட்டில் வேகம் காட்டுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால், குடும்பத்துக்கு வண்டி பார்க்கிற கண்ணோடு டிராக் வண்டியைப் பார்க்கக் கூடாது. இன்ஜினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். கோணிப்போன பாடியை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

1. ஒதுக்கிய பணத்தில் பாதிக்கு மேல் வண்டிக்குக் கொடுக்காதீர்கள். டயர், பிரேக் பேட், ஷாக் அப்சார்பர், பக்கெட் சீட், பெல்ட், ஹெல்மெட் எல்லாம் மீதியில்தான் வர வேண்டும். பேட்டுக்குக் காசில்லாமல் நிற்கிற வேகமான வண்டி ஆபத்தானது.

2. பெட்ரோல், மேனுவல் கியர், குறைந்த எடை. இந்த மூன்றும் இருந்தால் பவரைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். பழைய மாருதி ஜென் 800 கிலோவுக்கும் குறைவு. எஸ்டீம், 1.3 லிட்டர் இன்ஜினோடு வந்த முதல் தலைமுறை ஸ்விஃப்ட், 2000-களின் தொடக்கத்தில் வந்த ஹோண்டா சிட்டி விடெக் எல்லாமே நல்ல தேர்வுகள். எடை குறைந்தால் பிரேக் சூடாவது குறையும், டயர் தேய்வது குறையும், செலவும் குறையும். மாருதி 800-இன் இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் காரை உருவாக்கி, எத்தனையோ இளைஞர்களுக்கு இந்த விளையாட்டின் கதவைத் திறந்தவர் கோவை கரிவர்தன். அவர் பெயரில்தான் செட்டிப்பாளையம் டிராக் இருக்கிறது. சிறிய இன்ஜினை யாரும் இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். டீசல் வண்டிக்கு மூக்கு கனம், வளைவில் திரும்ப மறுக்கும். கேஸ் கிட் போட்டு ஓடியதையும் தவிர்த்துவிடுங்கள்.

3. விலை பேசும் முன் ஸ்பேர் பார்ட்ஸ் விசாரியுங்கள். பாலியோ 1.6 ஓட்ட அருமையான வண்டி. ஆனால் ஒரு சாமானுக்காக வாரக்கணக்கில் அலைய நேரும். ஸ்விஃப்டுக்கு எந்த ஊரிலும் கிடைக்கும். பழைய கியர்பாக்ஸ் வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம். டிராக்கில் சாமான் உடையத்தான் செய்யும்.

4. பாடியைப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இதுதான் முக்கியமான வேலை. பகல் வெளிச்சத்தில், கழுவித் துடைத்த வண்டியைப் பாருங்கள். பானெட்டைத் திறந்து இரண்டு பக்க ஏப்ரனையும், முன்னால் நீளும் சேசிஸ் கால்களையும் கவனியுங்கள். கம்பெனி ஸ்பாட் வெல்டிங் சின்னச் சின்ன வட்டக் குழியாக, ஒரே இடைவெளியில் வரிசையாக இருக்கும். அந்த வரிசை ஒரு பக்கம் இருந்து, மறுபக்கம் கரடுமுரடான வெல்டிங்கும் புது பெயிண்டும் தெரிந்தால் வண்டி முன்னால் அடி வாங்கியது என்று அர்த்தம். ஷாக் அப்சார்பரின் மேல்முனை உட்காரும் இடத்தில் விரிசலோ துருவோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தத்தைக் கதவின் கீழ்ப்பகுதியிலும் பில்லரிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகட்டுக்கு மேல் புட்டி இருக்கிறது. கடைசியாக ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு வித்தியாசம் இருந்தால், என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். ரோல் கேஜைப் பற்றவைக்கப் போவது இந்தப் பாடியில்தான். நாளைக்கு வண்டி உருண்டால் உங்கள் உயிரைக் காக்கப் போவதும் இதுதான்.

5. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று பாருங்கள். 2015, 2023 மழைகளுக்குப் பிறகு சென்னை வண்டிகளில் இந்தக் கவனம் கட்டாயம் வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை தங்கியிருக்கும். ஸ்டெப்னி குழியையும், கார்பெட்டுக்கு அடியில் சீட் போல்ட்டுகளையும் பாருங்கள்.

6. இன்ஜினை ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காப்பி நிறத்தில் பிசுக்கு இருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம். ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் நீலப்புகை வரக் கூடாது. மெக்கானிக்கை வைத்து கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் இன்ஜின் வேலைக்கான பணத்தை விலையில் குறையுங்கள்.

7. கியரை மூன்றிலிருந்து இரண்டுக்குச் சட்டென்று இறக்குங்கள். கரகரத்தால் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். கடகட சத்தம் வந்தால் ஆக்ஸில் ஜாயின்ட் போய்விட்டது.

8. மங்கிய பெயிண்ட், கிழிந்த சீட், ஓடாத மியூசிக் சிஸ்டம் எல்லாம் உங்களுக்கு லாபம். அதைக் காட்டி விலையைக் குறையுங்கள். எப்படியும் கழற்றப் போகிறீர்கள். சன்ரூஃப் உள்ள வண்டி வேண்டாம். கூரையில் எடை, தலைக்கு மேல் இடமும் குறைவு.

9. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போங்கள். போட்டுக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். தலை இடித்தால், கேஜும் வந்த பிறகு அந்த வண்டியில் உங்களால் ஓட்டவே முடியாது. உயரமானவர்கள் இதை மறந்துவிடாதீர்கள்.

10. வேறொருவர் மாடிஃபை செய்த வண்டியைவிடக் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருப்பது நல்லது. வெட்டி ஒட்டிய வயரிங்கில் பிழை கண்டுபிடிப்பது பெரும்பாடு.

11. பேப்பர் வேலையில் அவசரம் கூடாது. ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் ஒப்பிடுங்கள். லோன் நிலுவை இருக்கக் கூடாது. பெயர் மாற்ற படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். தனியார் காருக்குப் பதிவு 15 ஆண்டுதான். அது முடியப் போகிறதென்றால் புதுப்பிக்கும் செலவையும் விலையில் சேர்த்துக் கணக்கிடுங்கள். சீட்டைக் கழற்றி, கேஜ் போட்ட வண்டியை ரோட்டில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவோடு மோதும். ஆகவே டிரெய்லர் செலவு, நிறுத்த இடம் இரண்டையும் முன்பே யோசியுங்கள். சாதாரண மோட்டார் இன்ஷூரன்ஸ் பந்தயத்துக்கும் வேகப் பரீட்சைக்கும் செல்லாது.

12. வாங்கியவுடன் டர்போ, எக்ஸாஸ்ட் என்று ஓடாதீர்கள். முதல் வேலை பிரேக் ஆயில். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். அப்போது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அதோடு நல்ல பேட், புது இன்ஜின் ஆயில், புது கூலன்ட். டயரின் பக்கவாட்டில் டாட் எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. பழையதென்றால், பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். இவ்வளவோடு முதல் டிராக் டேக்குப் போங்கள். அடுத்து எதில் பணம் போடுவது என்பதை வண்டியே காட்டும்.