பத்து ரூபாய் நாணயமும் நமது சங்கமும்

சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும் எம் போன்றோர் முதலாவதாகச் செய்வது, இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கைரொக்கத்தை எண்ணிப் பார்ப்பதாகும். நோட்டுக் கட்டுகள் எண்ணப்படும், ரொக்கப் புத்தகத்தின் இருப்புடன் ஒப்பிடப்படும், கையொப்பம் இடப்படும். பெட்டியின் மூலையில் கிடக்கும் சில்லறை நாணயங்களை எவரும் பொருட்படுத்துவதில்லை. நானும் பல ஆண்டுகள் பொருட்படுத்தியதில்லை. சென்ற கோடையில் மதுராந்தகம் வட்டத்துச் சங்கம் ஒன்றில் நிகழ்ந்த சம்பவமே இப்பொருளை அங்கத்தினர்கள் முன் வைக்கலாம் என்ற எண்ணத்தை எனக்குத் தந்தது.

அன்று பிற்பகல் ஓர் அம்மையார் பயிர்க்கடனின் கடைசிப் பகுதியைச் செலுத்த வந்தார். தவணை முடிவது அன்றே. உரிய தேதிக்குள் கடனைத் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டியில்லை என்பது நம் மாநிலத்து முறை. தேதி தவறினால் அச்சலுகை போய்விடும் என்பதை அங்கத்தினர் அனைவரும் அறிவர். அம்மையார் நோட்டுகளை முதலில் வைத்தார். பிறகு ஓர் எவர்சில்வர் தூக்கைத் திறந்தார். உள்ளே 240 பத்து ரூபாய் நாணயங்கள். அதாவது 2,400 ரூபாய்.

காசாளர் தூக்கைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். “அம்மா, இந்தக் காசு செல்லாது. நோட்டாக மாற்றிக் கொண்டு வாருங்கள்” என்றார்.

“எங்கே போய் ஐயா மாற்றுவேன்? கடையில் வேண்டாம் என்கிறார்கள். பஸ்ஸில் வேண்டாம் என்கிறார்கள். சர்க்கார் அடித்த காசைச் சர்க்கார் சங்கமே வேண்டாம் என்றால், நான் கடலிலா கொண்டு போய்க் கொட்டுவேன்?” என்று கேட்டார் அந்த அம்மையார்.

சங்கம் சர்க்காருடையதன்று, அங்கத்தினருடையது என்பது கூட்டுறவின் முதற்பாடம். ஆயினும் அந்த வேளையில் அப்பிழையைத் திருத்த எனக்கு வாய் எழவில்லை.

அவ்வளவு நாணயங்கள் அவரிடம் சேர்ந்த விதத்தை விசாரித்தேன். வயலில் விளைந்த தர்ப்பூசணியில் ஒரு பகுதியை வியாபாரிக்கு விற்றுவிட்டு, மீதியை அவர் கணவர் மாமல்லபுரம் செல்லும் சாலையோரத்தில் துண்டு போட்டு விற்றிருக்கிறார். கடற்கோயிலையும் ஐந்து ரதங்களையும் காண வரும் வெளியூர்க்காரர்கள் துண்டுக்குப் பத்து ரூபாய் நாணயத்தை நீட்டுகிறார்கள். அவர்கள் ஊரில் அது தடையின்றி ஓடுகிறது. இவர் வாங்காவிட்டால் வியாபாரம் போய்விடும். வாங்கினாலோ தம் ஊர்க் கடையில் கொடுக்க முடிவதில்லை. ஆகவே கடற்கரைச் சாலையில் வந்திறங்கும் நாணயங்கள் உள்ளூர்த் தூக்குகளிலும் உண்டியல்களிலும் தேங்கி விடுகின்றன. வேண்டாம் என்று சொல்ல வலிமையுள்ளவன் சொல்லிவிடுகிறான். சொல்ல இயலாதவன் கையில் அது தங்கிவிடுகிறது.

இவ்விடத்தில் என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குச் சில வாரங்களுக்கு முன், செங்கற்பட்டுப் பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறையில் இந்நாணயம் ஒன்றைக் கொடுத்தபோது, “நோட்டாகக் கொடுங்களேன்” என்று கேட்டு வாங்கியவன் நான். சட்டம் படித்தவன், சங்கங்களுக்குச் சட்டம் சொல்லச் சம்பளம் வாங்குகிறவன். கண்டக்டர் ஒன்றும் சொல்லாமல் நாணயத்தைப் பையில் போட்டுக்கொண்டார்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட மதிப்பும் உள்ள நாணயங்கள் 1,000 ரூபாய் வரையில் சட்டப்படி செல்லும் பணமாகும். 50 காசு நாணயம் 10 ரூபாய் வரையில் செல்லும். 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30-ஆம் தேதியுடன் வழக்கிலிருந்து நீக்கப்பட்டன. 1,000 ரூபாய் என்னும் வரம்பின் பொருளைப் பலர் தவறாகக் கொள்கின்றனர். அதற்கு மேல் நாணயமாகக் கொடுத்தால் பெறுபவர் மறுக்கலாம் என்பதே பொருள், பெறக்கூடாது என்பதன்று. பாங்குகளில் வாடிக்கையாளர் நாணயங்களைச் செலுத்துவதற்கு உச்ச வரம்பு ஏதும் இல்லையென்று ரிசர்வ் பாங்கு தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே, “பாங்கில் வாங்கமாட்டார்கள்” என்று நம் காசாளர்கள் கூறுவது ஏற்கத்தக்க காரணமன்று. எண்ணுவதற்குச் சோம்பல்படும் பாங்கு ஊழியர் எவரேனும் முகம் சுளிக்கலாம். அது வேறு விஷயம்.

பிறகு ஏன் இந்த வதந்தி? 2005-ஆம் ஆண்டு முத்திரையுடன் தொடங்கி 2009-இல் மக்கள் கைக்கு வந்த இந்நாணயம், காலந்தோறும் பல வடிவங்களில் வெளியிடப்பட்டது. ரூபாய்க்குரிய குறியீடு 2010 ஜூலையில்தான் ஏற்கப்பட்டது. எனவே அதற்கு முன் அடிக்கப்பட்டவற்றில் குறியீடு இல்லை. பின் அடிக்கப்பட்டவற்றில் உண்டு. சிலவற்றில் எண்ணுக்கு மேல் பதினைந்து கோடுகள், சிலவற்றில் பத்து. ஒன்று மெய், மற்றொன்று பொய் என்று யாரோ சொல்ல, ஊர் நம்பிவிட்டது. 2018 ஜனவரி 17-ஆம் தேதி ரிசர்வ் பாங்கு ஓர் அறிக்கை விடுத்து, அதுவரை வெளிவந்த 14 வடிவங்களும் செல்லும் என்று அறிவித்தது. அறிக்கை செய்தித்தாளில் வந்தது; வதந்தி தேநீர்க் கடையில் நின்றது. எது வென்றது என்பதை நாம் அறிவோம்.

மக்களை மட்டும் குறை கூறுவதும் நியாயமன்று. நாணயம் அடிப்போரும் சிறிது குழப்பம் செய்திருக்கிறார்கள். 1992 முதல் வெளிவந்த எஃகு ஒரு ரூபாயின் குறுக்களவு 25 மில்லிமீட்டர், எடை 4.85 கிராம். 2011-இல் வந்த இரண்டு ரூபாயும் அதே 25 மில்லிமீட்டர், அதே 4.85 கிராம். அந்தி நேரத்தில் தறியை விட்டெழுந்து கடைக்குப் போகும் கண் மங்கிய முதியவர் இவ்விரண்டையும் எவ்வாறு பிரித்தறிவார்? 2019-இல் அறிவிக்கப்பட்ட இருபது ரூபாய் நாணயமும் பத்து ரூபாயின் அகலமே உடையது. இரண்டும் 27 மில்லிமீட்டர். நல்ல வேளையாக இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கங்கள் உண்டு. விரலால் தடவினால் தெரிந்துவிடும். தடவிப் பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுப்பது நல்லது.

இவ்விதக் குழப்பம் நம் முன்னோர்க்கும் நேர்ந்ததே. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தபோது, ஓர் அணா என்பது 6¼ நயா பைசா ஆயிற்று. கால் பைசாவுக்குக் காசு கிடையாது; ஆகையால் ஓர் அணாவுக்கு 6, மூன்று அணாவுக்கு 19, நான்கு அணாவுக்கு 25 என்று வைத்துக் கொண்டார்கள். ஓரணாப் பண்டத்தை நான்கு தடவையாக விற்றவனுக்கு 24 பைசா. ஒரே தடவையாக விற்றவனுக்கு 25. சிறுகச் சிறுக விற்பவன் இழப்பது அக்காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1964-இல் ‘நயா’ என்னும் அடைமொழியும் உதிர்ந்தது. அதற்குள் மக்கள் பழகிவிட்டனர்.

நாணயத்தை ஐயமின்றி ஏற்கும் ஒரு ஜீவனும் உண்டு, அது யந்திரம். 2022-இல் சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையில், பத்து ரூபாய் போட்டால் மஞ்சள் துணிப்பை தரும் யந்திரத்தை அரசினர் நிறுவினர். மனிதன் மறுக்கும் நாணயத்துக்குத் துணிப்பை கிடைக்கிறது என்பது நெசவாளராகிய நமக்கு இருமடங்கு மகிழ்ச்சி. இத்தகைய யந்திரம் நவீனக் கண்டுபிடிப்பும் அன்று. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் அலெக்சாந்திரியா நகரத்து ஹீரோ என்னும் அறிஞர், ஆலயத்தில் காசு போட்டால் தீர்த்தம் வழங்கும் கருவி ஒன்றை வருணித்திருக்கிறார். காசு ஒரு தட்டில் விழும். அதன் பளுவால் நெம்புகோல் சாயும். அடைப்புத் திறந்து தீர்த்தம் ஒழுகும். காசு வழுக்கி விழுந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும். பளுவை மட்டும் நம்பிய அக்கருவியை ஓர் இரும்புத் துண்டாலும் ஏமாற்றியிருக்கலாம். இக்காலத்து யந்திரம் அகலத்தையும் கனத்தையும் அளப்பதோடு, மின்காந்தச் சுருளின் உதவியால் உலோகத்தின் இயல்பையும் சோதிக்கிறது. வளைந்த நாணயத்தையும், தனக்குக் கற்பிக்கப்படாத வடிவத்தையும் திருப்பித் தள்ளிவிடும். கடற்கரைப் பக்கத்தில் ஒரு பொது இடத்தில் தண்ணீர் தரும் யந்திரம் ஒன்று என் நாணயத்தை மூன்று முறை துப்பிற்று. நான்காம் முறை விழுங்கிற்று. தண்ணீர் மட்டும் வரவில்லை. அதன்மேல் எழுதியிருந்த தொலைபேசி எண்ணில் யாரும் பேசவுமில்லை. யந்திரத்துடன் வழக்காட முடியாது. காசாளருடன் முடியும், சங்கத்துக்கும் யந்திரத்துக்கும் உள்ள வேற்றுமை அதுதான்.

கிழிந்த நோட்டுகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். சாயத்தொட்டியில் வேலை செய்வோர் கையில் நோட்டு கறைபடுவதும், நாற்று நடுவோர் மடியில் நனைந்து கிழிவதும் இயல்பு. ரிசர்வ் பாங்கின் 2009-ஆம் ஆண்டு விதிகளின்படியும் 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படியும், 20 ரூபாய் வரையிலான நோட்டில் பாதிக்கு மேற்பட்ட ஒரே துண்டு கையிலிருந்தால் முழு மதிப்பும் கிடைக்கும். 50 ரூபாயும் அதற்கு மேலும் ஆனால், 80 சதவிகிதத்துக்கு மேலிருந்தால் முழு மதிப்பு. 40 முதல் 80 வரை பாதி மதிப்பு. 40-க்குக் கீழே ஒன்றுமில்லை. எந்தப் பாங்குக் கிளையிலும் மாற்றலாம். அங்கே கணக்கு இருக்க வேண்டியதில்லை. இதை அறியாமல், நூறு ரூபாய் நோட்டை எழுபது ரூபாய்க்கு மாற்றித் தரும் தரகரிடம் போகும் அங்கத்தினர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அன்றைய பிற்பகலில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். காசாளரிடம் சட்டத்தை எடுத்துரைத்தேன். அவர் கெட்டவரல்லர், முன்னொரு முறை வாங்கி வைத்த நாணயங்களை யாருக்கும் கொடுக்க முடியாமல் தம் சொந்தப் பணத்தை வைத்து ஈடு செய்தவர். “வாங்கிக் கொள்கிறேன் சார். எங்கே கொடுப்பது என்று நீங்களே சொல்லுங்கள்” என்றார். நியாயமான கேள்வி. அதற்கு விடை அடுத்த அறையிலேயே இருந்தது. அச்சங்கம் நடத்தும் நியாயவிலைக் கடையில், துவரம்பருப்புக்கு 30 ரூபாயும் பாமாயிலுக்கு 25 ரூபாயும் கொடுக்க வேண்டியவர்கள் நூறு ரூபாய் நோட்டுடன் வரிசையில் நின்றிருந்தனர். விற்பனையாளர் சில்லறை இல்லையென்று காலையிலிருந்து சண்டை போட்டுக் கொண்டிருந்தார். ஒரே கட்டடத்தில் ஓர் அறையில் சில்லறை வேண்டாம். மற்றோர் அறையில் சில்லறை இல்லை!

நாணயங்களைப் பத்துப் பத்தாக அடுக்கினோம். இருபத்து நான்கு அடுக்குகள். எண்ணுவதில் ஐயம் இருந்தால் எடை போட்டுச் சரிபார்க்கலாம் என்பதைக் காசாளருக்குக் காட்டினேன். ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் எடை 7.71 கிராம், நூறு நாணயம், அதாவது 1,000 ரூபாய், 771 கிராம். கடைத் தராசில் 240 நாணயங்களையும் வைத்தபோது ஒரு கிலோ 850 கிராம் காட்டிற்று. நூல் சிட்டங்களை எடை போட்டு வாங்கிப் பழகிய நெசவாளர் சங்கங்களுக்கு இம்முறை மிக எளிதாகும். தேய்மானத்தால் ஓரிரு கிராம் குறைந்தால் மறுபடி எண்ணிக் கொள்ளலாம். ரசீது எழுதப்பட்டது. அம்மையார் காலித் தூக்கை எடுத்துக்கொண்டு, அதே கையோடு பருப்பு வரிசையில் போய் நின்றார்.

கடையில் மீதியாகக் கொடுத்த நாணயங்களை முதல் நாள் பலர் வாங்கவில்லை. அதன்மேல் நிர்வாகக் குழுவினர் கூடி ஒரு தீர்மானம் செய்து, பலகையில் எழுதி வைத்தனர்: ‘இச்சங்கத்தில் பத்து ரூபாய் நாணயம் கொடுக்கப்படும், கொடுத்த நாணயம் கடன், பங்குத்தொகை, சாமான் விலை எதற்கும் திரும்பப் பெற்றுக் கொள்ளப்படும்.’ முதற்பாதியை மட்டும் எழுதியிருந்தால் பயன் இராது. திரும்ப வாங்கிக் கொள்வார்கள் என்று தெரிந்த பிறகே மக்கள் கையை நீட்டினார்கள். பலகை வைத்த மூன்றாம் வாரம் எதிர்ப்புறத்து மளிகைக்காரரும் வாங்கத் தொடங்கினார் என்று காரியதரிசி சொன்னார். அவருக்கும் சங்கத்தில் கடனுண்டு.

சென்ற மாதம் மறுபடி அங்கே சென்று பெட்டியைத் திறக்கச் சொன்னேன். பத்து ரூபாய் நாணயங்கள் 31 இருந்தன. நான் எண்ணிக் கையொப்பமிடும் முன்பே விற்பனையாளர் வந்து, வரிசை நீண்டுவிட்டது என்று சொல்லி, அவற்றுள் இருபதைக் கேட்டு நின்றார். கணக்கு முடியட்டும் என்று அவரைச் சிறிது நேரம் காக்க வைக்க வேண்டியதாயிற்று.