ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகை இயக்கக் கோளாறு) உள்ள பிள்ளை இருக்கும் வீட்டுக்கு என்ன துணை வேண்டும்?

முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள். பிள்ளை எப்போது நிலைகொள்ளாமல் தவிக்கிறது, எதை மறக்கிறது, எந்த வேலையில் கவனம் நிற்கிறது என்று இரண்டு வாரம் எழுதுங்கள். வகுப்பாசிரியரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஏடிஹெச்டியைக் காட்டிக்கொடுக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கினவா, 6 மாதமாவது நீடிக்கின்றனவா, வீடு பள்ளி இரண்டிலும் தெரிகின்றனவா என்றுதான் மருத்துவர் பார்ப்பார். ஓடியாடாமல், ஏதோ நினைப்பில் உட்கார்ந்திருக்கும் பெண் குழந்தைகள் பலர் யார் கண்ணிலும் படாமலே போய்விடுகிறார்கள். அவர்களையும் கவனியுங்கள்.

கண், காது சோதனையை முடித்துவிட்டு, குழந்தைகள் மனநல மருத்துவரிடம் போங்கள். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். வழி தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

6 வயதுக்குக் கீழே என்றால், பெற்றோருக்குத் தரும் பயிற்சிதான் முதல் சிகிச்சை. அதற்கு மேல் மீதைல்ஃபெனிடேட் போன்ற மாத்திரையை மருத்துவர் எழுதலாம். அது பசியைக் குறைக்கும் என்பதால் காலையில் வயிறாரச் சாப்பிட வையுங்கள். உயரம், எடையை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

வீட்டுப்பாட நேரம்தான் பெரும்பாடு. டிவி சத்தம் எட்டாத மூலையில், மேசை மேல் ஒரு நோட்டு, ஒரு பென்சில் மட்டும் இருக்கட்டும். பையைக் கண்ணில் படாமல் வையுங்கள். “உட்கார்ந்து எல்லாத்தையும் முடி” என்றால் எதில் தொடங்குவது என்றே பிள்ளைக்குப் புரியாது. பக்கத்தில் போய், “கண்ணு, கணக்கு நோட்டை எடு” என்று மட்டும் சொல்லுங்கள். எடுத்த பிறகு, “மூணு கணக்குப் போடு.” போட்டதும் மாடிப்படி ஏறி இறங்கி வரட்டும். காலாட்டினால் ஆட்டட்டும், நின்றுகொண்டு எழுதினாலும் எழுதட்டும். “சொன்னவுடனே எடுத்துட்டியே!” என்று அந்த நொடியே பாராட்டுங்கள். பரீட்சை முடிந்ததும் சைக்கிள் என்ற வாக்குறுதி இந்தப் பிள்ளைகளிடம் எடுபடாது.

பள்ளியில் முன் பெஞ்ச் கேளுங்கள். கரும்பலகை துடைப்பது போல எழுந்து நடமாட ஒரு வேலையும் கேளுங்கள். கூடவே கற்றல் குறைபாடும் இருந்தால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. சான்றிதழ் வாங்கிவிட்டால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம்.

இத்தனையையும் அம்மா ஒருத்தி தலையில் கட்டுவது அநியாயம். “நீ வளர்த்த லட்சணம்” என்ற பேச்சையும் அவள்தான் கேட்கிறாள். ஏடிஹெச்டி வளர்ப்பில் வந்த கோளாறு அல்ல. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. வாரத்தில் சில மாலைகள் வீட்டுப்பாடத்தை அப்பா முழுப் பொறுப்பாக எடுத்துக்கொள்ளட்டும், அந்த நேரம் அம்மா வெளியே போய் வரட்டும். தாத்தா பாட்டியை ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நீங்கள் நூறு முறை சொல்லி ஏறாதது அங்கே ஏறும். கூடப் பிறந்த பிள்ளைக்கும் உங்களோடு தனியாக இருக்க, தினம் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள்.