வயோதிகர் தவறி விழுதல்

“வயதாகிவிட்டது, விழுந்துவிட்டார்” என்று சொல்லி அமைதியடைவது நம் கிராமங்களில் வழக்கமாயிருக்கிறது. விழுதல் முதுமைக்கு விதிக்கப்பட்டதன்று, பெரும்பாலும் தடுக்கத்தக்கதே. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து மாள்கின்றனர். அவர்களுள் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேல் நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருவாயுள்ள நாட்டினர்.

பொள்ளாச்சி, அவிநாசி, பல்லடம் வட்டாரங்களில் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் கடல் கடந்தும் சென்றுவிட, தோட்டத்துச் சாளையில் முதியவர் இருவர் மட்டும் வாழும் குடும்பங்கள் பல. அவர்கள் விழுவது பெரும்பாலும் வயலிலன்று, வீட்டிலேயே. இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து, வெளிச்சமில்லாத வாசலைத் தாண்டிப் புறக்கடைக்குச் செல்லும் வேளை மிக அபாயமானது. ஈரமும் பாசியும் படிந்த கல், உயர்ந்த வாசற்படி, கண்புரை, தளர்ந்த தொடைத் தசை ஆகியவை ஒருங்கு சேர்கின்றன. தூக்க மாத்திரையும் சில இரத்த அழுத்த மாத்திரைகளும் எழுந்தவுடன் தலைசுற்றலை உண்டாக்கும். ஆகவே, படுக்கையில் சற்று உட்கார்ந்து பிறகு எழுதல் வேண்டும். கழிப்பறைச் சுவரில் ஓர் இரும்புக் குழாயைப் பிடியாகப் பதிப்பதற்கு ஆகும் செலவு, இடுப்பெலும்பு முறிவுச் சிகிச்சையோடு ஒப்பிட்டால் ஒரு பொருட்டன்று.

முதியோர் இல்லங்களின் நிலை வேறு. அங்கே பணம் பெற்றோ, தருமமாகவோ பொறுப்பை ஏற்றவர்கள் இருக்கிறார்கள். இரவில் எழுந்தவருக்குத் துணைவர ஆளில்லாமையும், விழுந்தவரை விடியும் வரை எவரும் காணாமையும் விபத்தல்ல, அசட்டையே. நெடுநேரம் தரையில் கிடந்தவருக்குப் படுக்கைப் புண்ணும் நுரையீரல் அழற்சியும் வரக்கூடும். விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி ஆசிரமம் உரிய உரிமமின்றி நடந்ததும், அங்கிருந்தோர் சிலரைக் காணவில்லை என்னும் புகாரும் 2023 பிப்ரவரியில் வெளிவந்தன. அவ்வழக்கு சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்கு மாற்றப்பட்டது. வெளியார் எவரும் எட்டிப் பாராத இல்லத்தில் ஒருவர் விழுந்தாரா, எப்போது விழுந்தார் என்பதை யார் அறிவார்?

உறவினரைச் சேர்ப்பதற்கு முன் அறையின் அழகைப் பார்ப்பதில் பயனில்லை. இரவுப் பணியாளர் எத்தனை பேர், சென்ற மாதம் விழுந்தவர் எத்தனை பேர், அது எந்தக் குறிப்பேட்டில் பதியப்பட்டுள்ளது என்று கேளுங்கள். “இங்கே எவரும் விழுவதில்லை” என்ற விடை கிடைத்தால் நான் அவ்விடத்தை நம்பமாட்டேன்.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. மூத்தோரைப் பாதுகாக்கும் பொறுப்புடையவர், அவரை முற்றாகக் கைவிடும் எண்ணத்துடன் எங்கேனும் விட்டுச் சென்றால், மூன்று மாதம் வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. பராமரிப்புத் தொகை கோரிக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். 14567 என்பது முதியோர் உதவி எண்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் முதலில் தம் அலுவலகப் படிக்கட்டையும் நியாயவிலைக் கடைப் படிக்கட்டையும் பார்த்தல் நலம். கைப்பிடியற்ற படிகள் எத்தனை! தனித்து வாழும் முதியோர் பட்டியலை வார்டுதோறும் எழுதி, 2021 முதல் நடைபெறும் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் ஊழியரிடம் கொடுத்தால், இயன்முறைச் சிகிச்சை தேவைப்படுவோருக்கு அது வீட்டிலேயே கிடைக்க வழியாகும்.

ஒருவர் விழுந்துவிட்டால் கைகளைப் பற்றி இழுத்துத் தூக்கலாகாது. ஒரு கால் மற்றதினும் குட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கக்கூடும். எண்ணெய் நீவாமலும், நடக்கவைக்காமலும், படுத்த நிலையிலேயே வைத்து 108ஐ அழைக்க வேண்டும்.