சொட்டும் இடமும் கசியும் இடமும்

காருக்கு அடியில் தரையில் ஒரு துளி எண்ணெய் கிடக்கிறது. அது எங்கே விழுந்தது என்று கண்ணுக்குத் தெரிகிறது. எங்கிருந்து புறப்பட்டது என்பதைத் தேடித்தான் அறிய வேண்டும். இந்தத் தேடலை ஒழுங்காகச் செய்யப் பழகிய மாணவர், அறிவியல் பாடத்தில் நாம் சொல்லும் உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவு என்னும் நான்கு படிகளையும் ஒரே நாளில் கையால் தொட்டுவிடுகிறார்.

ஆம்பூர் பகுதியில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். எங்கள் மாணவர்களின் பெற்றோரில் பலர் டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ வேலை செய்பவர்கள். மேல்நிலையில் அடிப்படைத் தானியங்கி ஊர்திப் பொறியியல் படிக்கும் மாணவர்களில் சிலர், விடுமுறை நாள்களில் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையோரப் பட்டறைகளில் வேலை பழகுகிறார்கள். அவர்களையும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களையும் சேர்த்து, தொழிற்கல்வி ஆசிரியரின் துணையோடு நடத்திய செயல்பாட்டை இங்கே பகிர்கிறேன்.

எடுத்துக்கொண்ட சிக்கல்

சக ஆசிரியர் ஒருவருடைய பழைய பெட்ரோல் காரில் இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் சொட்டியது. ஒரு பட்டறையில், கிராங்க் தண்டின் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சீலின் விலை குறைவுதான். கியர் பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான் பல மடங்கு. முடிவெடுக்கும் முன் மாணவர்கள் ஒருமுறை பார்க்கட்டும் என்று அவர் காரைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார்.

கரும்பலகையில் நான்கு கேள்விகளை எழுதினோம்.

1. இது எந்தத் திரவம்?

காருக்கு அடியில் விரித்த வெள்ளை அட்டையில் விழுந்த துளிகளை நிறம், மணம், வழவழப்பு கொண்டு பிரித்தார்கள். இன்ஜின் ஆயில் பழுப்பு அல்லது கறுப்பு. கியர் ஆயிலில் கந்தக நெடி இருக்கும். ரேடியேட்டர் கூலண்ட் பச்சை, ஆரஞ்சு போன்ற சாயம் கலந்தது. ஏ.சி.யிலிருந்து விழுவது வெறும் தண்ணீர். அட்டையில் இருந்தது இன்ஜின் ஆயில்தான். டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தபோது அளவும் குறைந்திருந்தது.

2. ஈரத்தின் உச்சி எங்கே?

எண்ணெய் மேலிருந்து கீழே வழியும். கார் ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே நனைந்திருக்கும் பகுதிகளில் மிக உயரமானதும் முன்னால் இருப்பதும் எதுவோ, அதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். பழைய பிசுக்கு முழுவதும் மூடியிருந்தால் இது தெரியாது. ஆறிய இன்ஜினில் டிகிரீசர் தெளித்து, பிரஷால் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்துக் காயவிட்டோம். சந்தேகமான இணைப்புகளில் முகப்பவுடர் தூவினோம். இன்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தியதும் பவுடரில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. அது இன்ஜினின் தலைப்பகுதியில் உள்ள டேப்பெட் கவரின் பின் மூலையில் தொடங்கி, பக்கவாட்டில் வழிந்து, கியர் பாக்ஸ் இணைப்பில் வந்து சொட்டியது.

“சார், சொட்டுற இடத்துக்கும் கசியிற இடத்துக்கும் ஒரு முழம் இருக்கு” என்றார் ஒரு மாணவி. அன்றைய பாடத்தின் சாரம் அதுதான்.

3. எளிய காரணங்களைச் சரிபார்த்தாயிற்றா?

கிராங்க் சீலைக் குற்றம் சொல்லும் முன், கைக்கு எட்டும் இடங்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். ஆயில் ஃபில்டர் தளர்ந்திருக்கிறதா, அதன் பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு இரண்டு வளையமாகிவிட்டதா, சம்ப்பின் டிரெயின் போல்ட்டில் வாஷர் தேய்ந்திருக்கிறதா, ஆயில் பிரஷர் சுவிட்ச் நனைந்திருக்கிறதா என்று பட்டியலிட்டுப் பார்த்தார்கள். எல்லாம் உலர்ந்திருந்தன.

4. ஏன் கசிந்தது?

பலரும் விட்டுவிடுவது இந்தக் கேள்வியைத்தான். எரிந்த வாயுவில் சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி இன்ஜினின் அடிப்பகுதிக்கு வந்துவிடும். அதை வெளியேற்றி மீண்டும் உறிஞ்சு பாதைக்கு அனுப்புவது பிரீதர் குழாயும் அதிலுள்ள வால்வும். அவை அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடி, எந்த இணைப்பு வலுவிழந்திருக்கிறதோ அதன் வழியே எண்ணெயைத் தள்ளும். அப்போது பேக்கிங்கை மட்டும் மாற்றினால் கசிவு திரும்ப வரும், அல்லது வேறு இடத்தில் தொடங்கும். இந்தக் காரில் பேக்கிங் வெப்பத்தில் இறுகி நெகிழ்ச்சியை இழந்திருந்தது. பிரீதர் குழாயிலும் கரி படிந்திருந்தது.

தொழிற்கல்வி ஆசிரியர் குழாயைச் சுத்தம் செய்து புதிய பேக்கிங்கைப் பொருத்திக் காட்டினார். பழையதைச் சுரண்ட அலுமினியப் பரப்பில் கீறல் விழாத பிளாஸ்டிக் தகடு பயன்பட்டது. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, சிறிது சிறிதாக, கையேட்டில் சொன்ன அளவுக்கே முடுக்க வேண்டும். அளவுக்கு மீறி முடுக்கினால் பேக்கிங் நசுங்கும், கவர் வளையும், கசிவு கூடும். மறுநாள் காலை அட்டை உலர்ந்திருந்தது. கியர் பாக்ஸை இறக்கும் தேவை வரவில்லை.

தோலும் சீலும்

“ஆயில் சீல்னா என்ன?” என்ற கேள்விக்கு எங்கள் ஊரில் எளிய விடை உண்டு. கை பம்பால் சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது உள்ளே காற்றைத் தப்பவிடாமல் பிடிப்பது ஒரு வட்டத் தோல் வாஷர். அது காய்ந்தால் காற்று ஏறாது, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் மீண்டும் பிடிக்கும். அடிபம்பிலும் முன்பு தோல் வாஷர்தான். கார் சீலின் வரலாறும் டேனரியைத் தொட்டே செல்கிறது. ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் 1849இல் தோல் பதனிடும் நிறுவனமாகத் தொடங்கிய பிராய்டன்பர்க், 1929இல் தோலால் சீல் செய்யத் தொடங்கியது. அங்கே பொறியாளர் வால்டர் சிம்மர் 1930களில் உருவாக்கிய சீல், உலோக வளையத்துக்குள் தோல் விளிம்பு சுழலும் தண்டை அணைத்து நிற்கும் அமைப்பு. பின்னர் தோலின் இடத்தைச் செயற்கை ரப்பர் பிடித்தது. இதைச் சொன்னபோது, அப்பா டேனரியில் வேலை செய்கிறார் என்று சொல்லத் தயங்கும் மாணவர்கள்கூட வீட்டிலிருந்து தோல் துண்டுகளைக் கொண்டுவந்து வாஷர் வெட்டிப் பார்த்தார்கள்.

கணக்கும் பாலாறும்

சொட்டு மருந்துக் குழாயால் 1 மில்லி லிட்டர் எண்ணெயில் எத்தனை துளிகள் என்று எண்ணச் சொன்னோம். 40 துளிகள் என்று கொண்டால், நிமிடத்துக்கு ஒரு துளி வீதம் நாளுக்கு 1,440 துளிகள், அதாவது 36 மில்லி லிட்டர். 30 நாளில் 1 லிட்டருக்கு மேல். சிறிய காரின் இன்ஜினில் இருப்பதே ஏறக்குறைய 3 முதல் 4 லிட்டர்தான்.

அந்த எண்ணெய் எங்கே போகிறது என்பது எங்கள் பகுதியில் வெறும் கணக்குக் கேள்வி அல்ல. பாலாற்றுப் படுகையில் தோல் கழிவு கலந்ததால் எழுந்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வலியுறுத்தியது. பட்டறைச் சாக்கடையில் கொட்டும் கழிவு ஆயிலும் அதே நிலத்தடி நீரைத்தான் சேரும். ஆகவே கசிவுக்கு அடியில் தட்டு வைப்பதும், கழிவு ஆயிலையும் துடைத்த துணியையும் தனியே சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேரும்படி ஒப்படைப்பதும் செயல்பாட்டின் பகுதியாக இருக்கட்டும்.

வகுப்பறைக்கு

கார் இல்லாத பள்ளியிலும் இதைச் செய்யலாம். சாய்த்து வைத்த சொரசொரப்பான அட்டையின் பின்புறம் வண்ண நீரை ஊற்றி, அது சொட்டும் மூலையை மட்டும் காட்டித் தொடக்கத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நீர் நிரம்பிய பிளாஸ்டிக் புட்டியில் ஊசித்துளை இட்டு அழுத்தினால், அடைபட்ட பிரீதர் என்ன செய்யும் என்பது தெரியும். உண்மையான காரில் செய்வதானால் இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஓடும் இன்ஜின் அருகே ஆசிரியர் மட்டுமே நிற்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் யாரும் செல்லக் கூடாது.

விடைத்தாள் திருத்தும்போதும் இந்த முறை எனக்கு உதவுகிறது. நீள் வகுத்தலில் பிழை சொட்டும். ஆனால் அது கடன் வாங்கிக் கழித்தலிலோ இடமதிப்பிலோ புறப்பட்டிருக்கும். வகுத்தலையே பத்து முறை எழுதச் சொல்வது, கசியாத சீலை மாற்றுவது போன்றது. குழந்தையின் நோட்டில் ஒவ்வொரு படியாக மேலே போய், முதல் ஈரம் எங்கே என்று பார்த்துவிட்டு அங்கே பயிற்சி கொடுப்போம்.