நுரையில் ஏறும் ஈஸ்ட்

அன்புள்ள தம்பி,

எடின்பரோவிலிருந்து நீ எழுதியது கிடைத்தது. நுரையடக்கி விட்டுச் செய்த பீரின் அடிவண்டலை அடுத்த பீருக்குப் போட்டால், அதில் நுரை நிற்காமல் போய்விடுமா என்று கேட்டிருக்கிறாய். கலத்தில் நுரையைக் கொல்லும் மருந்து கோப்பையிலும் கொல்லத்தானே செய்யும் என்கிறாராம் உன் அறைத்தோழர். இந்த மாதிரி நேர்கோட்டு வாதம் எப்போதும் எனக்கு எரிச்சல் மூட்டும்.

நீ விட்டது சிலிக்கோன். குழந்தைகளின் வயிற்றுப் பொருமலுக்குக் கொடுக்கும் சிமெதிகோன் சொட்டு மருந்தும் அதே சரக்குதான்: சிலிக்கோன் எண்ணெயில் நுண்ணிய சிலிக்காத் துகள்கள். துகள் குமிழியின் மெல்லிய சுவரில் குறுக்கே சிக்கிக்கொள்ளும். நீர் அதில் ஒட்டாமல் விலக, சுவர் பிய்ந்துவிடும். இது தண்ணீரில் கரையாது. அதனால் ஈஸ்ட்டின் மீதும் கலத்தின் சுவரிலும் ஒட்டிக்கொள்கிறது. ஈஸ்ட் படியும்போது கூடவே படிகிறது. தெளிந்த பீரில் மிஞ்சுவது சொற்பம். ஆக, எடுத்துவைத்த வண்டலில் மருந்து இருக்கத்தான் செய்யும். அடுத்த கலத்திலும் கொஞ்சம் வேலை செய்யும், மறுபடி படியும். எனவே ஒவ்வொரு முறையும் பழக்கதோஷத்தில் சொட்டாதே. பொங்கினால் மட்டும் விடு.

பீரின் நுரையைத் தாங்குபவை பார்லியின் சில புரதங்களும் ஹாப்ஸின் கசப்பு அமிலங்களும். நொதிக்கும்போதே பொங்கிக் கலத்தின் சுவரில் காய்ந்து ஒட்டினால் அவை அங்கேயே தொலைந்தன. அந்தப் பொங்கலைத் தடுத்தால் கோப்பைக்கு மிச்சமாகும். நுரைக்கென்றே தனிப் புத்தகம் எழுதிய சார்ல்ஸ் பாம்ஃபோர்த்தைத் தேடிப் படிக்கச் சொல் உன் தோழரை. அவருடைய பயம் பொருந்தும் இடம் ஒன்று உண்டு. நம் ஊரில் பதநீர் காய்ச்சுகிறவர்கள் பொங்காமலிருக்க ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவார்கள். கருப்பட்டிக்கு அது சரி. பீரில் அப்படித் தாவர எண்ணெய் பட்டால் கோப்பையில் நுரை நிற்காது.

நுரையடக்கிமேல் எனக்கிருக்கும் வழக்கு வேறு. ஏல் ஈஸ்ட்டுக்கு நீர் ஒட்டாத மேற்பரப்பு. கரியமில வாயுக் குமிழிகளைப் பற்றிக்கொண்டு மேலே ஏறி, நுரையோடு தடித்த ஆடையாக நிற்கும். இங்கிலாந்தின் பழைய மதுவடிசாலைகள் அதைத்தான் வழித்தெடுத்து அடுத்த கலத்துக்குப் போட்டன. பர்ட்டன் யூனியன் என்ற அமைப்பைப் பற்றிப் படித்திருக்கிறாயா? 1838-இல் பீட்டர் வாக்கர் காப்புரிமை பெற்றது. ஓக் பீப்பாய்கள் வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் அன்னக் கழுத்துபோல் ஒரு குழாய் வளைந்து மேலேயுள்ள தொட்டிக்குள் இறங்கும். நொதிக்கும் வேகத்தில் நுரை குழாய்வழியே ஏறித் தொட்டியில் விழும். ஈஸ்ட் தொட்டியில் தங்கிவிட, பீர் பீப்பாய்க்குத் திரும்பும். மார்ஸ்டன்ஸ் மதுவடிசாலை 2024 வரை இதை ஓட்டியது. இப்போது ஒரு தொகுதி டார்பிஷையரின் தார்ன்பிரிட்ஜ் மதுவடிசாலையில் இருக்கிறது. உனக்கு ரயில் தூரம்தான், போய்ப் பார்.

இதை நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. நுரை ஒரு சல்லடை என்பது என் கட்சி. ஹாப்ஸ் பிசினும் புரதக் கசடுமான முதல் பழுப்பு ஆடையை வழித்து எறிந்துவிட்டால், அடுத்து எழும் வெள்ளை ஆடையில் இருப்பது சுறுசுறுப்பான, சுத்தமான ஈஸ்ட். அடிவண்டலில் அதே ஈஸ்ட்டோடு செத்த செல், ஹாப்ஸ் தூள், கசடு எல்லாம் கிடக்கும். நுரையடக்கி விட்டவனுக்கு மேலே வழிக்க ஒன்றும் இராது. காய்ச்சும் பாத்திரத்தில் விட்ட சொட்டும் நொதிகலத்துக்கு வந்துசேரும் என்பதை மறக்காதே. பெரிய கலமாக வாங்கி மேலே இடம் விடுவதை விட்டு எல்லோரும் ஏன் சொட்டுப் புட்டியைத் தூக்குகிறார்களோ!

வண்டலைக் கொதித்தாறிய நீரில் அலசி ஜாடியில் வைத்தேன் என்கிறாய். எதற்கு? மேலே நின்ற பீரின் புளிப்பும் ஆல்கஹாலும் ஹாப்ஸும்தான் அதற்குக் காவல். காவலைக் கொட்டிவிட்டு வெறும் நீரை ஊற்றினாய். அலசினால் பாக்டீரியாவும் போகாது, ஒட்டிய சிலிக்கோனும் போகாது. பாக்டீரியாவைக் கொல்ல அமிலம் வேண்டும். பாஸ்டர் 1876-இல் பீரைப் பற்றி எழுதிய நூலில் டார்டாரிக் அமிலத்தைச் சொல்கிறார். 1870 போரில் தோற்ற ஆத்திரத்தில், ஜெர்மானியரை பீரில் வெல்லவேண்டும் என்று செய்த ஆராய்ச்சி அது; விஞ்ஞானிக்கும் ரோஷம் உண்டு. ஆனால் அமிலம் காட்டு ஈஸ்ட்டைத் தொடாது. அந்த வில்லனை 1883 வாக்கில் காட்டிக்கொடுத்தவர் கார்ல்ஸ்பெர்க்கின் ஹான்சன். உனக்கு அலசலும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். பீருக்கடியிலேயே மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வை.

அளவுக்கு வருவோம். பிளேட்டோ அளவில் 12 பாகைச் சர்க்கரைச் செறிவுள்ள வோர்ட் (நொதிக்காத மால்ட் சாறு) 20 லிட்டருக்கு, மில்லிலிட்டருக்குப் பாகைக்கு 7.5 லட்சம் செல் என்று வைத்தால் 18,000 கோடி செல். கெட்டியான குழம்பில் மில்லிக்கு ஏறத்தாழ 100 கோடி. சுமார் 200 மில்லி போதும். வண்டல் முழுவதன்மேலும் புது வோர்ட்டைக் கொட்டுவது சோம்பேறித்தனம். கடும் பீரின் ஈஸ்ட்டைச் சேர்த்தே வைக்காதே, அது களைத்துப்போனது.

உன் ஜாடி இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால், முதலில் குடுவையில் சிறிது வோர்ட் ஊற்றி எழுப்பிப் பார். குடுவை பொங்கி வழிந்தால் அங்கே ஒரு சொட்டு விட்டுக்கொள். அதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்