எழுத்தை வைத்து எடை போடு

அன்புள்ள யாழினிக்கு,

சட்டப் படிப்புக்கான எல்சாட் நுழைவுத் தேர்வில் மற்றவை கைவந்துவிட்டன, ஒரு வாதத்தைக் கொடுத்து அதே மாதிரி வாதம் ஐந்து விடைகளில் எது என்று கேட்கும்போதுதான் சறுக்குகிறேன் என்று எழுதியிருந்தாய். நீ அனுப்பிய தாளைப் பார்த்தேன். தவறிய இடங்களில் எல்லாம் காரணம் ஒன்றுதான். வாதம் எதைப் பற்றியது என்பதைப் பிடித்துக்கொண்டு போகிறாய். மருத்துவமனையைப் பற்றிக் கேட்டால் மருத்துவமனை வரும் விடைக்கே கை போகிறது. கேள்வி எழுதுகிறவர் அந்த விடையை வைத்திருப்பதே அதற்காகத்தான்.

"டெங்கு வந்தால் தட்டணுக்கள் குறையும். இவருக்குக் குறைந்திருக்கிறது. ஆகவே இவருக்கு டெங்கு." இதற்கு இணை எது? "டெங்கு வந்தால் காய்ச்சல் அடிக்கும். இவருக்குக் காய்ச்சல் இல்லை. ஆகவே டெங்கு இல்லை" என்பது நெருங்கிய உறவாகத் தெரியும். ஆனால் அதன் நடை சரியானது, முதலாவதன் நடை பிழையானது. "சம்பளம் போட்டால் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரும். செய்தி வந்திருக்கிறது. ஆகவே சம்பளம் போட்டுவிட்டார்கள்" என்பதுதான் இணை. செய்தி வேறு எதற்காகவும் வந்திருக்கலாம். தட்டணு வேறு நோயிலும் குறையலாம். பிழையான வாதத்துக்கு அதே பிழை உள்ளதுதான் ஜோடி. சரியான வாதம் கண்ணில் பட்டதும் மனம் அதன் பக்கம் சாயும், இடம் கொடுக்காதே.

பெயர்களை எடுத்துவிட்டு எழுத்துகளைப் போடு: அ இருந்தால் ஆ இருக்கும், ஆ இருக்கிறது, ஆகவே அ. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலும் இப்படி எழுத்துகளை வைத்தே வாதங்களை ஆராய்ந்தார். நம் மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் வாதத்தைப் பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று பிரித்துக்காட்டி, அவற்றில் நேரும் போலிகளையும் வரிசையாகச் சொல்கிறார். ஓய்வு கிடைக்கும்போது உரையோடு படி, உனக்குப் பிடிக்கும். பழைய எடுத்துக்காட்டு ஒன்று: புகையைக் கண்டு நெருப்பு உண்டு எனலாம். நெருப்பைக் கண்டு புகை உண்டு எனலாகாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு இருக்கிறது, புகை எங்கே என்று நியாய நூலார் கேட்பார்கள். டெங்கு வாதத்தில் நடப்பதும் இதே திசை மாறாட்டம்தான்.

அடுத்து, அளவுச் சொற்கள். மூலத்தில் "பெரும்பாலான" என்று இருந்து விடையில் "எல்லா" என்று வந்தால் அடித்துவிடு. முடிவில் "இருக்கக்கூடும்" என்பதற்கு "கட்டாயம்" என்பது இணையாகாது. முடிவு முதல் வரியில் வருகிறதா கடைசியில் வருகிறதா என்பது பொருட்டில்லை. வரிசை மாறினாலும் வாதம் மாறுவதில்லை.

தேர்வின் அமைப்பையும் மனத்தில் வை. 2024 ஆகஸ்டு முதல் எல்சாட்டில் இருந்த புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டார்கள். அதனால் மதிப்பெண்ணுக்குரிய மூன்று பகுதிகளில் இரண்டு தருக்கப் பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம், ஏறக்குறைய 25 கேள்விகள். இணை வாதம் கேட்கும் கேள்விகள் நீளமானவை, ஆனால் ஒரு பகுதியில் சிலவே வரும். அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், ஆகையால் ஒன்றையும் வெறுமையாக விடாதே.

அடுத்த தாளை அனுப்பும்போது ஒவ்வொரு விடையின் ஓரத்திலும் அ, ஆ போட்டு எழுதி அனுப்பு. எந்த வரியில் தடம் மாறுகிறாய் என்று எனக்கு அதில்தான் தெரியும்.

அன்புடன்,
பெரியப்பா